வீட்டுக்கு ஒரு ஆள் குறைவு

“சத்தமாச் சொல்லுங்க, கேக்கல!”

“நாலுன்னு சொன்னேன்னு சொல்றேன்ல—”

“எந்த நாலு? எண்ணுங்க, என் முன்னாடி எண்ணுங்க—”

“இப்ப எதுக்கு எண்ணணும்? கல்லு சும்மா சுத்துது பாரு, கோதுமையைக் கொட்டு முதல்ல—”

“கோதுமை கிடக்கட்டும்! நீங்க, உங்க மகன், மருமக, உங்க தங்கச்சி. நாலாச்சு. அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்—”

“அப்புறம் நான் யாரு?”

“அதான்டி, உன்னைத்தான் விட்டேன்!”

மில்லுக்காரி சுவிட்சில் கை வைத்தபடிதான் பேசிக்கொண்டிருந்தாள் என்பதை அவள் புருஷன் கொத்தனார் கவனிக்கவில்லை. பட்டென்று அணைத்துவிட்டாள். பெல்ட் இரண்டு சுற்று தளர்ந்து ஓடி நின்றது. மாவு இறங்கும் துணிக்குழாய் காற்றுப் போய்த் தொங்கியது. மோட்டாரை மீறிக் கேட்கவேண்டும் என்று அவர் வயிற்றிலிருந்து எடுத்துக் கத்திய அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தனியாகத் தகரக் கூரையில் மோதி, வாசலில் டின்னும் பையுமாக வரிசையில் நின்றவர்களின் தலையில் போய் விழுந்தது.

வரிசையில் ஒருத்தி இருமினாள். டீக்கடைக்காரரின் மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

“யாரை விட்டாராம்?”

“பொண்டாட்டியை.”

“எங்க விட்டாரு?”

“கணக்குல.”

“ஓ” என்றாள் கிழவி. “நான் வேற என்னவோன்னு பயந்துட்டேன்.”

சண்டைக்குக் காரணம் அன்று காலையில் நர்ஸம்மா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன சேதி. ஊரில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்து முடித்தாகிவிட்டது. ஐந்நூறு பேர் இருக்கிற ஊருக்குத்தான் ஒரு நர்ஸும் ஒரு பிரசவ அறையும். இந்த ஊரில் நானூற்று அறுபது பேர்தான் என்று வந்திருக்கிறது. நாளைக்கு லாரி வருகிறது. கட்டில், மேஜை, குளிர்பெட்டி எல்லாம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதிர் ஊருக்குப் போகிறது. நர்ஸம்மாவும் போகிறாள்.

“நானூத்தி அறுபதா? யாருக்குக் கண்ணு தெரியல?” என்று மில்லுக்காரி அப்போது சிரித்தாள். நர்ஸம்மா போன பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. கணக்கெடுக்க வந்தவரிடம் தன் வீட்டில் பதில் சொன்னது யார், என்ன சொன்னார் என்று அவள் இதுவரை கேட்டதே இல்லை.

கேட்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கையில் காகிதத்தோடு எவன் வந்து ‘வீட்டில் எத்தனை பேர்’ என்று கேட்டாலும் ஒன்று குறைத்துச் சொல்வது இந்த ஊர்க்காரர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. பள்ளத்தைச் சுற்றி மலையைக் குடைந்து சாலை போட்ட காலத்தில், மேற்பார்வை பார்த்த ஒருவன் வீடு வீடாக ஆள் எண்ணிக்கொண்டு போனான். மறுநாள் வீட்டுக்கு ஒருவரைச் சாலை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். கொத்தனாரின் தாத்தாவுக்கு அண்ணன் ஒருவர் இருந்தார், அவர் வரவில்லை. அன்றைக்கு ஊர் ஒரு பாடம் படித்தது. மேற்பார்வைக்காரன் செத்து, அவனை வேலைக்கு வைத்தவர்களும் செத்து, சாலையே இரண்டு முறை சரிந்து திரும்பப் போட்டாகிவிட்டது. பாடம் மட்டும் அப்படியே இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. காகிதத்தைப் பார்த்தால் நாக்கு தானாக ஒன்றை விழுங்கிவிடும்.

யாரை விழுங்குவது என்பது அந்தந்த வீட்டு விவகாரம்.

“கணக்கெடுக்க அந்த ஆளு வந்தப்போ நான் எங்க இருந்தேன்?” என்றாள் மில்லுக்காரி. புருவத்திலும் காது மடலிலும் மாவு படிந்திருந்தது. “இதே இடத்துல இருந்தேன். வெயில்ல வந்துட்டாரேன்னு அந்தாளுக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்ததே நான்தான். தண்ணி குடுத்தது யாருன்னு அவரு கேக்கலையா?”

“கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

கொத்தனார் தன் கையிலிருந்த காய்ந்த சிமெண்டைச் சுரண்டினார்.

“பக்கத்து வீடுன்னு சொன்னேன்.”

வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தது.

“பக்கத்து வீடு! முப்பது வருஷமா நான் உங்களுக்குப் பக்கத்து வீடா? மாசத்துக்கு ஒருதரம் லாரியை நிறுத்திட்டு வந்து தூங்கிட்டுப் போற மகன் கணக்குல இருக்கான். தினமும் சமைச்சு, துவைச்சு, மில்லு ஓட்டி, உங்க முதுகுக்குத் தைலம் தேய்ச்சு விடுறவ பக்கத்து வீடு!”

“கோவப்படாத. யோசிச்சுப் பாரு. ஒருத்தரை மறைக்கணும்னா யாரை மறைப்பாங்க? இவங்க போயிட்டா நம்மால தாங்க முடியாதுன்னு இருக்கிற ஆளைத்தானே? மகனைப் புடிச்சுட்டுப் போனா எப்படியும் தப்பிச்சு வந்துருவான். தங்கச்சியைப் புடிச்சுட்டுப் போனா அவங்களே கொண்டுவந்து விட்டுருவாங்க. நீ போனா...”

“நான் போனா?”

“மில்லை யாரு ஓட்டுறது?”

வரிசையில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு உடைந்தது. மில்லுக்காரி சிரிக்கவில்லை. பக்கத்து அறையில் தையல் மிஷின் நின்ற சத்தம் கேட்டது. கொத்தனாரின் தங்கை கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். கட்டிக்கொண்டவனை வேண்டாம் என்று விட்டுவிட்டு, தையல் மிஷினை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். எந்தச் சண்டையிலும் யார் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டாள்.

“என்னை ஏன் அவங்களே கொண்டுவந்து விடுவாங்க?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா.”

“உங்க பேச்சைத் தெருவே கேக்குது. இருக்கட்டும் அண்ணா, உங்களை அப்புறம் பாத்துக்கிறேன்.” அவள் அண்ணியிடம் திரும்பினாள். “நீங்க மட்டும் என்னவாம்? இதுக்கு முந்தின கணக்குக்கு யாரு பதில் சொன்னது?”

மில்லுக்காரி தொங்கிய துணிக்குழாயை இழுத்து நேராக்கினாள்.

“நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன் அண்ணி. துணிக்குப் பித்தான் கட்டிக்கிட்டு இருந்தேன். மருமக வராத காலம், ‘நாங்க மூணே பேருதான் சார்’னு எவ்வளவு இனிப்பாச் சொன்னீங்க. யாரை விட்டீங்கன்னு நானும் எண்ணிப் பாத்தேன். மிச்சம் யாரும் இல்ல, நான்தான் இருந்தேன்.”

“நீ ஏன் இத்தனை நாளா கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?”

மில்லுக்காரி காது மடலிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பிறகு, “பாசம்னு சொல்லியிருப்பேன்” என்றாள்.

இந்த முறை நாத்தனார்தான் முதலில் சிரித்தாள்.

அதற்குள் வீட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு மருமகள் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு கை, கதவில் ஒரு கை. முகம் வீங்கியிருந்தது. நர்ஸம்மா இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள், உப்பைக் குறை, கால் நீட்டிப் படு என்று சொல்லிவிட்டுப் போவாள்.

“அத்தை, நாளைக்கு லாரி வருதாமே. எனக்கு அடுத்த மாசம்தானே?”

“எதிர் ஊரு பக்கம்தானேம்மா” என்றார் கொத்தனார் அவசரமாக. “அந்த ஊர்ல நாய் குரைச்சா இங்க கேக்குது.”

“நாய்க்குப் பிரசவம் பாக்கப் போறோமா?” என்றாள் மில்லுக்காரி. “குரைக்கிறது கேக்கும். போய்ச் சேர முடியுமா? பள்ளத்தைச் சுத்தி, அந்த ரோட்டுல, இவளை உக்காரவெச்சு?” அவள் குரல் திடீரென்று தணிந்துவிட்டது. “என் மூத்தது அந்த ரோட்டுலதான் பொறந்துச்சு. மூணாவது வளைவுல. நாலாவது வளைவை அது பாக்கல. நீங்கதானே வண்டி ஓட்டினீங்க?”

கொத்தனார் சிமெண்டைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டார். வரிசையில் நின்றவர்களும் டின்னை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொள்ளாமல் நின்றார்கள். அப்போது ஊரில் நர்ஸ் அறை இல்லை. அதற்குப் பிறகு ஊரார் பல வருஷம் அலைந்துதான் அந்த அறை வந்தது.

மில்லுக்காரி இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து முகத்து மாவைத் துடைத்தாள்.

“இன்னைக்கு அரவை இல்ல. மூட்டையெல்லாம் இங்கேயே கிடக்கட்டும், எலி தின்னாது. ஒவ்வொருத்தரும் போய் உங்க வீட்டுல யாரை விட்டாங்கன்னு கேளுங்க. ஏய், நீ என்கூட வா.”

“நான் எதுக்கு?” என்றாள் நாத்தனார்.

“போன தடவை காணாமப் போனவ, இந்தத் தடவை காணாமப் போனவளோட வந்தா என்ன?”

ஊர் ஒரே தெருதான். பாறையின் விளிம்பை ஒட்டி வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் அறுபது வீடுகள் இருக்கும். ஒரு பக்கத்து வீடுகளின் கொல்லையில் நின்று எட்டிப் பார்த்தால் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால், கைக்கெட்டும் தூரம் போல, எதிர் ஊரின் கொடிகளில் துணி காய்வது தெரியும்.

முதல் வீடு டீக்கடை.

“யாரை விட்டீங்கண்ணே?”

டீக்கடைக்காரர் பாத்திரத்துக்கு அந்தப் பக்கம் குனிந்துகொண்டார். “என்னம்மா கேக்குற?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. கணக்குக்காரர்கிட்ட யாரை மறைச்சீங்க?”

“மாமியாரை.”

“பாசமா?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். “பாசம் இல்ல. புடிச்சுட்டுப் போனா போகட்டும்னு அவங்களைச் சொல்லத்தான் ஆசைப்பட்டேன். ஆனா நாக்கு என்னவோ அவங்களைத்தான் மறைச்சுச்சு. பழக்கம்.”

அடுத்தது ஆட்டுக்காரர் வீடு. அங்கே இரட்டைப் பெண் குழந்தைகள். கணக்குக்காரருக்கு முன்னால் ஒருத்தியை மட்டும் ஓட விட்டிருந்தார்கள். ஒருத்தி ஓடி முடித்து உள்ளே போய், இன்னொருத்தி வெளியே வந்தாலும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லையாம். “எந்தப் பொண்ணு கணக்குல இருக்கா?” என்று நாத்தனார் கேட்டாள். அதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்துவிட்டது.

சலூன்காரர் நாற்காலியில் ஒருவருக்குப் பாதி முகம் வழித்திருந்தார்.

“யாரை விட்டீங்க?”

“என்னைத்தான்.”

“உங்களையே விட்டுட்டீங்களா?”

“பொண்டாட்டியை விட்டா அவ கேப்பா. பிள்ளைங்களை விட மனசு வரல. மிச்சம் நான்தானே?”

“அப்ப உங்க வீட்டுல யாரு பதில் சொன்னதுன்னு அவரு கேக்கலையா?”

“விருந்தாளின்னு சொன்னேன்.”

நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரையோடு சிரிக்க, சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்படியே போயிற்று. ஒரு வீட்டில் நடக்க முடியாத அக்கா. ஒரு வீட்டில் புதிதாக வந்த மருமகள். ஒரு வீட்டில் பால்குடி. பாதித் தெரு தாண்டுவதற்குள் மில்லுக்காரிக்கு ஒன்று புரிந்தது. சலூன்காரரையும் இன்னும் இரண்டு மூன்று கிழவர்களையும் தவிர, எல்லா வீட்டிலும் விழுங்கப்பட்டது ஒரு பெண்தான்.

“பாசம் பூரா நம்ம மேலதான் போல” என்றாள் நாத்தனார்.

“பாத்தியா, எவ்வளவு செல்வாக்கு நமக்கு!”

தெருவின் கடைசியில் ஆண்கள் சிலர் கூடி நின்றார்கள். கொத்தனாரும் அங்கே இருந்தார்.

“ஏம்மா, இதை இப்ப ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?” என்றார் டீக்கடைக்காரர். “சொன்னா நாம பொய் சொன்னோம்னு ஆயிருமே. அதுக்குத் தண்டனை உண்டுன்னு அந்த ஆளே சொன்னாரு, நான் டீ குடுத்தப்போ.”

“பொய் சொன்னோமா இல்லையா?”

“சொன்னோம். ஆனா சொன்னோம்னு சொல்லக்கூடாது.”

மில்லுக்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் தூரத்தில் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிய சுவர்தான். புதிதாகப் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

“நீங்க யாரும் ஒன்னும் சொல்ல வேணாம்” என்றாள். “கணக்குல இருக்கிறவங்க எல்லாரும் நாளைக்கு வீட்டுலயே இருங்க. இல்லாதவங்க மட்டும் நர்ஸ் அறைக்கு வாங்க.”

*

மறுநாள் லாரி வருவதற்கு முன்பே அறை நிரம்பிவிட்டது.

பெரிய அறை ஒன்றும் இல்லை. பச்சைத் திரை, அதற்குப் பின்னால் கால் வைக்கும் கம்பிகளோடு பிரசவ மேஜை, சுவரோரம் மருந்துக் குளிர்பெட்டி, கைக்குழந்தையை நிறுக்கிற தட்டுத் தராசு, இரண்டு இரும்புக் கட்டில்கள். பிரசவ மேஜையின் மேல் மில்லுக்காரியும் நடக்க முடியாத அந்த அக்காவும் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டில்களில் ஒருவர் தோளில் ஒருவர் இடிக்க இருபது பேர். டீக்கடைக்காரரின் மாமியார் நர்ஸம்மாவின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “இது நல்லா இருக்கு, இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சலூன்காரர் குளிர்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். மிச்சப் பேர் தரையில், நடையில், வாசற்படியில்.

வாசலில் இரட்டையரில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

“நீ உள்ள வரக்கூடாது. நீ கணக்குல இருக்க!” என்றாள் உள்ளே இருந்த இன்னொருத்தி.

“நான் இல்ல, நீதான் இருக்க!”

“எனக்குச் சொன்னாங்க, நான்தான் இல்லன்னு!”

நாத்தனாருக்கு உள்ளே இடம் இல்லை. இந்த முறை அவள் கணக்கில் இருந்தாள். அதனால் வாசலுக்கு வெளியே, மருமகளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து அவள் பக்கத்தில் நின்றாள்.

அறையை மாற்றிக்கொண்டு போக வந்த அதிகாரி லாரியிலிருந்து இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. எதிர் ஊரிலிருந்து பள்ளத்தைச் சுற்றி வந்த வளைவுகள் அவர் வயிற்றைப் புரட்டி எடுத்திருந்தன. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பாறையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நர்ஸம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவர் நல்ல மனிதர்தான். தண்ணீர் குடித்து முடித்ததும் முதலில் கேட்டது, “அந்தப் பொண்ணுக்கு நிழல்ல இடம் இல்லையா?” என்றுதான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது? எல்லாருக்கும் ஒரே நாள்லயா உடம்பு சரியில்ல?”

“உடம்புக்கு ஒன்னும் இல்ல சார்” என்றாள் மில்லுக்காரி. “ஆளுதான் இல்ல.”

“என்ன?”

“நாங்க இந்த ஊர்ல இல்ல சார். உங்க கணக்கைப் பாருங்க. இங்க உக்காந்திருக்கிற ஒருத்தரும் அதுல இல்ல.”

லாரியில் வந்த இரண்டு சுமைக்காரர்களும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் குளிர்பெட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தான். சலூன்காரர் அசையவில்லை. “ரொம்பக் கனமா இருக்கே” என்றான் அவன்.

“ஒருத்தரும் இல்லாத பெட்டி எப்படிப்பா கனக்கும்?” என்றார் சலூன்காரர்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டார். “சரி, விஷயத்துக்கு வாங்க. எனக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்ல. ஆனா நான் ரெண்டு விஷயம்தான் பாக்க முடியும். ஒன்னு, ஆள் கணக்கு. ரெண்டு, தூரம். எதிர் ஊரு ரெண்டு கிலோமீட்டர்தான். வரைபடத்துல தெளிவா இருக்கு.”

“நீங்க அந்த ரெண்டு கிலோமீட்டர்லயா வந்தீங்க?”

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். வெளியே லாரி டிரைவர் பானட்டில் சாய்ந்துகொண்டு, “மூணு தடவை நிறுத்தச் சொன்னாரு” என்று யாரிடமோ சொன்னது உள்ளே கேட்டது.

“சரிம்மா, தூரத்தை விடுங்க. நான் எழுதுறேன், சுத்துவழின்னு. ஆனா ஆள் கணக்கு நான் எடுத்தது இல்ல. நீங்களே குடுத்தது. வீட்டுக்கு வீடு வந்து கேட்டாங்க, நீங்கதான் சொன்னீங்க. இப்ப வந்து நாங்க இன்னும் நிறைய பேர் இருக்கோம்னா, அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?”

“அப்ப சொன்னது.”

“அதை யாராவது எழுத்துல குடுப்பீங்களா? ஒரு வீட்டுத் தலைவர் போதும். ‘நான் தப்பான தகவல் குடுத்தேன்’னு. அது கையில இருந்தாத்தான் மறுபடி எண்ணணும்னு நான் மேல எழுத முடியும். ஆனா ஒன்னு, ஒளிக்காமச் சொல்லிடுறேன். குடுக்கிறவர் மேல வழக்கு வரலாம். வராமலும் போகலாம். நான் உத்தரவாதம் தரமாட்டேன்.”

தெருவில் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டிலேயே இருங்கள் என்று அவள் சொன்னது ஒருவருக்கும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் அதிகாரி திரும்பிப் பார்த்ததும் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்தார். டீக்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

“நான் குடுக்கிறேன்” என்றாள் மில்லுக்காரி மேஜையிலிருந்தே.

“நீங்க கணக்குலயே இல்லயேம்மா” என்றார் அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை. “உள்ள இருக்கிறவர்தான் சொல்லணும்.”

அவள் வாசல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். புருஷனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வரவைத்தால் அது வேறு. நாத்தனாருக்கு வாய் துடித்தது. அவளையும் ஒரு பார்வையில் அடக்கினாள்.

முக்காலியில் இருந்த மருமகள் மெல்ல எழுந்து நின்றாள். உட்கார்ந்தால் மூச்சு முட்டியது போல. ஒரு கையால் லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொத்தனார் அவளைப் பார்த்தார். அந்த வீங்கிய பாதங்களைப் பார்த்தார். பிறகு லாரிக்குப் பின்னால், மலையைச் சுற்றிக்கொண்டு போகிற அந்தச் சாலையின் முதல் வளைவைப் பார்த்தார்.

“எழுதிக்குங்க சார்” என்று அவர் சொன்னது முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மோட்டார் ஓடாதபோது அவருக்குக் குரல் வராது.

“என்ன சொன்னீங்க?”

“எழுதிக்குங்கன்னேன்! நான் பொய் சொன்னேன். ஒருத்தரை மறைச்சேன்.”

“யாரை?”

“என் பொண்டாட்டியை. அதோ, மேஜை மேல உக்காந்திருக்கா பாருங்க. பக்கத்து வீடுன்னு சொன்னேன். பக்கத்து வீடு இல்ல. என் வீடு.”

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு ஒரு தாளை எடுத்து லாரியின் பானட்டில் வைத்தார். “சரி, இப்பச் சரியாச் சொல்லுங்க. உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?”

கொத்தனார் தாளைப் பார்த்தார். அவருடைய வாய் தானாகத் திறந்தது.

“நாலு—”

“அஞ்சு!” என்று அறைக்குள்ளிருந்து இருபது முப்பது குரல்கள் ஒரே சமயத்தில் வெடித்தன. நர்ஸம்மாவின் குரலும் அதில் இருந்தது.

“அஞ்சு, அஞ்சு” என்றார் கொத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டு. “தாளைப் பாத்தா வாய் கேக்க மாட்டேங்குது சார்.”

அவர் கையெழுத்துப் போட்ட பிறகு, டீக்கடைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “வழக்குன்னா தனியா ஏன் போகணும்? நானும்தான் சார். மாமியாரை மறைச்சேன்.”

“என்ன சொல்றாரு?” என்று கிழவி நாற்காலியிலிருந்து கேட்டாள்.

“உங்களைச் சேத்துட்டாரு.”

“ஏன், என்ன வேணுமாம் அவனுக்கு?”

ஆட்டுக்காரர் வந்தார். சலூன்காரர் பெட்டியிலிருந்து இறங்காமலேயே, “என்னையும் எழுதிக்குங்க, என்னை மறைச்சவன் நான்தான்” என்று கத்தினார். அதிகாரி தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார். இடம் போதவில்லை. நர்ஸம்மா இன்னொரு தாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

எல்லாம் எழுதி முடித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். சுமைக்காரர்களை லாரியில் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“இன்னைக்கு ஒன்னையும் எடுக்கல. போதுமா? நான் போய் மேல சொல்றேன். கணக்கெடுக்கிறவங்களை மறுபடி அனுப்புவாங்க. இறங்குங்கம்மா எல்லாரும்.”

“எப்ப அனுப்புவாங்க?”

“அது அவங்க முடிவு. அடுத்த மாசம் இருக்கலாம். அதுக்கு அடுத்த மாசமும் ஆகலாம்.”

“அதுவரைக்கும் நர்ஸம்மா?”

அதிகாரி நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா தரையைப் பார்த்தாள். மாற்றல் உத்தரவு அவள் பையில் இருந்தது.

“மாற்றல் உத்தரவு வேற துறைம்மா. நான் சொல்லிப் பாக்கிறேன்.”

கட்டிலில் இருந்து எழுந்து சேலையை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர் மறுபடி உட்கார்ந்தார்கள். மில்லுக்காரி மேஜையின் கம்பியில் காலைத் தூக்கி வைத்து இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

“அப்ப நீங்களே எண்ணுங்க சார்.”

“எனக்கு எண்ணுற அதிகாரம் இல்லம்மா. சொன்னாப் புரிஞ்சுக்கங்க. அதுக்குத் தனியா ஆள் இருக்காங்க, பயிற்சி குடுத்து வெச்சிருக்காங்க.”

“எண்ணுறதுக்கா?”

“ஆமா.”

“எங்களைக் குறைக்கிறதுக்கு லாரியோட வரத் தெரியுது. கூட்டுறதுக்கு மட்டும் பயிற்சி வேணுமா?”

லாரி டிரைவர் என்ஜினை ஓட விட்டார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். என்ஜின் அடங்கியது. வாசலில் அழுதுகொண்டிருந்த இரட்டைக் குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டு, இந்த ஆள் என்ன செய்யப்போகிறான் என்று அண்ணாந்து பார்த்தாள். அவர் பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார்.

“ஏன் சார் நிக்கிறீங்க?” என்றாள் மில்லுக்காரி. “கதவுகிட்ட இருந்து வேணாம், குழம்பிடும். என்கிட்ட இருந்து ஆரம்பிங்க.”